இருபத்தேழாம் எண் நாற்காலி

என்னோடு பதினான்கு மாதம் நடனமாடிய ஜோடியின் உயரம் மூன்றடி. எடை ஏழு கிலோ. நிறம் பழுப்பு. நான்கு கால்களில் ஒன்று கொஞ்சம் குட்டை. அந்தப் பதினான்கு மாதத்தில் அது ஒருமுறைகூட என் காலை மிதித்ததில்லை என்பதை நன்றியோடு இங்கே பதிவு செய்கிறேன். நான்தான் அதன் கால்களை மிதித்திருக்கிறேன், நான்கையும்.

முதலில் அந்த இடத்தில் என் மனைவி இருப்பதாகத்தான் ஏற்பாடு.

அவள் பரிசோதனைக்கூடம் ஒன்றில் ரத்தம் எடுப்பவள். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்பவர்களைக் கையை நீட்டச் சொல்லுவாள். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையை இறுக்கி, கட்டைவிரலால் தடவி நரம்பைத் தேடிப் பிடித்து, "சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் பாருங்க" என்பாள். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் கிடையாது, வெறும் சுவரும் அதில் மாட்டிய தீயணைப்பு உருளையும்தான். இருந்தாலும் எல்லோரும் பார்ப்பார்கள். திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"தினம் எண்பது பேர் கையைப் பிடிக்கிறேங்க. உங்க கையைப் பிடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு, சொல்லுங்க பாப்போம்?"

நான் யோசித்துவிட்டு, "எனக்குத்தான் சுகர் இல்லையே" என்றேன்.

என் அழகு அவ்வளவுதான். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

பத்தொன்பது வருடமாக நின்றே வேலை பார்த்ததில் அவளுடைய இடது முட்டி தேய்ந்துபோயிருந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு வருஷம் தாங்கும். அப்புறம் ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் நடக்கலாம், ஆனா காலைத் திருகித் திரும்புறதெல்லாம் மறந்துடுங்க. ஏதாவது ஆசை பாக்கியிருந்தா இப்பவே முடிச்சுக்குங்க" என்றார்.

"ஒரே ஒரு பாட்டுக்கு ஆடணும் டாக்டர். கையைப் பிடிச்சுக்கிட்டு, ஜோடியா."

"யாரோட?" என்று நான் கேட்டேன்.

அப்போது டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

வீட்டில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு ஆடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அன்று சாயங்காலம் அதையேதான் சொன்னாள். சோபாவைச் சுவரோரம் தள்ளக்கூட ஆரம்பித்துவிட்டாள். நான்தான் தடுத்தேன். நான் லிஃப்ட் மெக்கானிக். கையேட்டைப் பிரிக்காமல் ஒரு பட்டனைக்கூடத் தொடாதவன். "எதையும் முறையா கத்துக்கணும்" என்றேன். அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏதாவது அலுவலகம் இருந்தால் சொல்லுங்கள், வரிசையில் நிற்கத் தயார்.

எங்கள் ஊரில் ஜோடி நடனத்துக்கென்று இருந்தது ஒரே ஒரு கழகம். பெரிய கட்டடம், தேக்குப் பலகைத் தரை, வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு சுழலும் ஒரு ஆண் பெண் சிலை. அந்தக் கட்டடத்தில் ஜோடியாக ஆட அனுமதி பெற்றவர்கள் அந்த இருவர் மட்டும்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பதிவு மேஜையில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்தார்.

"ஜோடி இருக்கா?"

"இருக்காங்க. இவங்க என் மனைவி."

"அது உறவு. நான் ஜோடி இருக்கான்னு கேட்டேன்."

"இவங்கதாங்க ஜோடி."

"அதை நீங்க சொல்ல முடியாது. கழகம் சொல்லணும். நாலு நிலை தேறினதும் கைகோக்கும் அனுமதி வரும். ரெண்டு பேரும் தேறணும்."

"அதுவரைக்கும் யாரோட ஆடறது?" என்று என் மனைவி கேட்டாள்.

"இவங்களோட" என்று பேனாவால் காட்டினார். மூலையில் மர நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு எண்.

"'இவங்க'ன்னு மரியாதையா சொல்றாங்க பாத்தீங்களா" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாள் மனைவி. அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்போதெல்லாம் அவளுக்கு முட்டி அவ்வளவு வலிக்கவில்லை.

தொடக்க நாளன்று கழகத் தலைவர் பேசினார்.

"நண்பர்களே! இந்தக் கழகத்துக்கு வயது நாற்பத்தொன்று. இத்தனை ஆண்டுகளில், ஒருவர் காலை ஒருவர் மிதித்ததாக ஒரு புகார் உண்டா? கிடையாது. ஏன்? யாரையும் யாரோடும் நாம் ஆட விட்டதில்லை!" பலத்த கைதட்டல். "நான்காம் நிலையைத் தேறியவர்கள் இதுவரை நான்கு பேர். அவர்களில் எந்த இருவரும் ஒரே காலத்தில் தேறவில்லை. தரம் என்றால் அதுதான். தலைவருக்கே ஆடத் தெரியாது என்று சிலர் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. ஆமாம், தெரியாது. ஆடத் தெரிந்தவன் தலைவரானால் ஆடப் போய்விடுவான். பேசுவது யார்?"

மீண்டும் கைதட்டல். நானும் கைதட்டினேன்.

ஆண்கள் இடது கூடம், பெண்கள் வலது கூடம். நடுவில் ஒரு சுவர். பாட்டு மட்டும் இரண்டுக்கும் பொது. எனக்கு இருபத்தேழாம் எண் ஒதுக்கப்பட்டது; அவளுக்கு எட்டு. விதிகளைப் பயிற்சியாளர் படித்தார். ஒல்லியான மனிதர், எப்போதும் எதையோ எண்ணிக்கொண்டிருப்பது போன்ற முகம். முதல் விதி: ஜோடியின் மேல் உட்காரக் கூடாது.

முதல் நிலைக்கு 'நிற்றல்' என்று பெயர். மூன்று மாதம். நாற்காலிக்கு எதிரே ஒரு கை தூரத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

"நிக்கவே தெரியாது, ஆட வந்துடறாங்க" என்றார் பயிற்சியாளர்.

"சார், அம்பத்திரண்டு வருஷமா நின்னுட்டுத்தான் இருக்கேன்."

"அதெல்லாம் சும்மா நிக்கிறது."

இரண்டாம் நிலை, நெருங்குதல். மூன்றாம் நிலை, வேண்டுதல். லேசாகக் குனிந்து, "ஆடலாமா?" என்று நாற்காலியைக் கேட்டுவிட்டு மனதுக்குள் எட்டு வரை எண்ண வேண்டும். அதற்குள் நாற்காலி மறுக்காவிட்டால் சம்மதம் என்று பொருள்.

"மறுத்தா எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"நாப்பத்தொரு வருஷத்துல ஒரு நாற்காலியும் மறுத்ததில்ல. நம்ம பயிற்சி அப்படி."

எனக்கு அடுத்து பதினோராம் எண்ணோடு நின்றவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒன்பது வருடமாக முதல் இரண்டு நிலைகளுக்குள்ளேயே போய்வந்துகொண்டிருக்கிறார். அவர் மனைவி பெண்கள் கூடத்தில் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"அவ போய்ச் சேந்து அஞ்சு வருஷமாச்சு தம்பி."

"அய்யய்யோ. அப்புறம் ஏங்க இன்னும்…?"

"விண்ணப்பத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கே. அவ பேரை எடுத்தாத்தான் நான் விலக முடியும். எடுக்கறதுக்கு அவ கையெழுத்து வேணுமாம்." நாற்காலியின் முதுகில் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். "பழகிப்போச்சு. வியாழக்கிழமையானா எங்க போறதுன்னு யோசிக்க வேண்டியதில்ல பாரு."

நான்காவது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"நாப்பது பேருங்க. நாப்பது நாற்காலி. ஒண்ணுலகூட உக்கார முடியல."

மறுநாளே பதிவு அம்மாளிடம் போய் நின்றேன்.

"முட்டி வலின்னு டாக்டர் சீட்டு கொண்டுவாங்க, உக்கார அனுமதி தருவாங்க" என்றார். சீட்டை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "இதைக் கொடுத்தீங்கன்னா ஆடத் தகுதியில்லைன்னு பேரையே நீக்கிடுவாங்க. முட்டி நல்லா இருக்குன்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க. அதோட உக்கார விண்ணப்பம் கொடுங்க" என்றார்.

"முட்டி நல்லா இருந்தா எதுக்குங்க உக்காரணும்?"

"அதே கேள்வியைத்தான் அவங்களும் கேப்பாங்க."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கேலி இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"விட்டுடலாமா?" என்று வீட்டில் கேட்டேன்.

"நாலு மாசம் நின்னாச்சு. இப்ப விட்டா அந்த நாலு மாச வலியை எந்தக் கணக்குல எழுதறது?" என்றாள். விட்டுவிடலாம் என்று நான்தான் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டாம் நிலையில் எனக்கு நல்ல பெயர் வேறு வந்துகொண்டிருந்தது.

அந்த நல்ல பெயரை நானே கெடுத்துக்கொண்டேன். இருபத்தேழாம் எண்ணுக்கு ஒரு கால் குட்டை என்று சொன்னேன் அல்லவா? நான்காம் நிலை, சுழற்றல். நாற்காலியைச் சாய்த்து, ஒரு காலில் நிறுத்தி, சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குட்டைக் கால் தரையைத் தட்டி மதிப்பெண்ணைக் குறைத்தது. லிஃப்ட் மெக்கானிக்கின் சட்டைப்பையில் என்ன இருக்கும்? ஒரு ஸ்க்ரூ, ஒரு ரப்பர் வாஷர், ஒரு சின்ன திருப்புளி. இடைவேளையில் நாற்காலியைக் கவிழ்த்து, இரண்டே நிமிடத்தில் வேலையை முடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

மறுவாரம் விசாரணைக் குழு கூடியது. மூன்று பேர், நடுவில் தலைவர். அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் பணி ஓய்வு பெற்றவை, ஆகவே உட்காரலாம் என்று குறிப்பேட்டில் இருந்தது.

"பதினெட்டாம் தேதி மாலை உங்கள் ஜோடியைத் தலைகீழாகக் கவிழ்த்தது உண்மையா?" என்று தலைவர் கேட்டார்.

"உண்மைங்க. கால் ஆடிச்சு."

"இது நடனக் கழகம். கால் ஆடத்தான் செய்யும். கவிழ்க்கும் முன் சம்மதம் கேட்டீர்களா?"

"கேட்டேங்க. எட்டு வரைக்கும் எண்ணினேன்."

மூவரும் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். பிறகு தலைவர் சொன்னார்: "நீங்கள் எண்ணியது ஆடுவதற்கான எட்டு. காலில் திருகாணி போடுவதற்கு விதியில் எட்டே இல்லை."

"ஆனா இப்ப நல்லா நிக்குதுங்க. வேணும்னா பாருங்க."

"அங்கேதான் ஆபத்து இருக்கிறது" என்றார் தலைவர். மேடைப் பேச்சின் குரல் வந்துவிட்டது. "இன்று நீங்கள் ஒரு காலைச் சரிசெய்வீர்கள். நாளை இன்னொருவர் எல்லாக் கால்களையும் சரிசெய்வார். நாற்காலிகள் எல்லாம் சரியாகிவிட்டால், அப்புறம் ஆட்டம் வராததற்கு நாம் எதைக் காரணம் சொல்வது? மாணவரையா? அடுத்து பயிற்சியாளரையா? அதற்கு அடுத்து…" நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். அதற்கு அடுத்து யார் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. தலைவருக்கும்.

என்னை முதல் நிலைக்கு அனுப்பினார்கள். நிற்றல், மூன்று மாதம். வாஷரை எடுத்தால் ஜோடியை மீண்டும் மாற்றியதாக ஆகிவிடும் என்பதால் அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதே மாதம் என் மனைவி நான்காம் நிலையைத் தேறினாள். வலியோடு ஆடியவள், அந்தக் கூடத்திலேயே முதலாவதாக. "வலது காலை வெச்சே சமாளிச்சுட்டேங்க" என்றாள். இனி நான் தேறும்வரை அவள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் மாணவி பயிற்சியை மறக்காமலிருக்க வாரம் ஒருநாள் வந்து நிற்க வேண்டும் என்பது விதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. "வா, இங்கயே ஆடிடலாம்" என்றேன். சோபாவை நானே தள்ளினேன். பாட்டும் போட்டாகிவிட்டது. எதிரெதிரே ஒரு கை தூரத்தில் நின்றோம்.

"ஆடலாமா?" என்று குனிந்து கேட்டுவிட்டு எட்டு வரை எண்ணினேன். அவள் உதடும் எண்ணிக்கொண்டிருந்தது. பெண்கள் கூடத்தில் பதில் சொல்லக் கற்றுத்தரவில்லை. நெருங்கினேன். என் கைகள் தாமாகவே மூன்றடி உயரத்துக்கு இறங்கின. அவள் கைகளும் அப்படியே. இருவரும் இடுப்பை வளைத்து, பின்னால் நகர்ந்து, தரையில் விழுந்த ஊசியைத் தேடுகிறவர்கள் மாதிரி நின்றோம். நிமிர்ந்து பார்த்தோம். எங்கள் கை எங்கே போக வேண்டும் என்று இருவருக்குமே தெரியவில்லை. அவள் தோளைத் தொடப் போனேன். அது நாற்காலியில் இல்லாத இடம். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"நீங்க சாய்க்கப் போறீங்களோன்னு பயமா இருக்குங்க" என்றாள்.

பாட்டு முடிந்தது. சோபாவைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டர் சொன்ன ஒரு வருடம் முடிந்தது. முட்டி இன்னும் இரண்டு மாதம் கூடுதலாகத் தாங்கியது. அதற்கு யாரிடமும் விண்ணப்பம் கொடுக்கவில்லை. பதினான்காம் மாதம், ஒரு திங்கட்கிழமை, நான் நான்காம் நிலையைத் தேறினேன். செவ்வாய்க்கிழமை, குள்ளமான ஒரு பாட்டியின் நரம்பைத் தேட என் மனைவி குனிந்தாள். முட்டி பூட்டிக்கொண்டது. ரத்தம் எடுத்து முடித்து, குழாயில் பெயர் எழுதி ஒட்டிய பிறகுதான் கத்தினாளாம். வியாழக்கிழமை கைகோக்கும் அனுமதிச் சீட்டு தபாலில் வந்தது. ஒரு முறை. ஒரு பாட்டு. முப்பது நாளுக்குள்.

சீட்டை எடுத்துக்கொண்டு பதிவு அம்மாளிடம் ஓடினேன்.

"ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்காங்க. இந்த அனுமதியை ஒரு வருஷம் தள்ளி வெக்க முடியுமா?"

"தள்ளி வெச்சா மட்டும் ஆடுவாங்களா?"

"இல்ல."

"அப்ப என்னன்னு எழுதறது?" சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜோடி நிக்க முடியாதவங்களா இருந்தா, பழைய ஜோடியோடயே ஆடிக்கலாம்னு ஒரு விதி இருக்கு." பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நானும் ஆடறதுக்குத்தான் சார் வந்தேன். இருபது வருஷம் முன்னாடி. நானே விண்ணப்பம் எழுதி, நானே வாங்கி வெச்சேன். எந்த ஃபைல்ல வெச்சேன்னு தெரியல."

ஆண்டு விழாவில் 'சிறந்த ஜோடி' விருது எனக்கும் இருபத்தேழாம் எண்ணுக்கும் அறிவிக்கப்பட்டது. வர வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். என் மனைவி கேட்கவில்லை. இரண்டு கைகளிலும் ஊன்றுகோலோடு வந்து பின்வரிசையில் நின்றாள். பின்வரிசை என்று சொல்வது ஒரு வழக்கத்துக்காகத்தான். நாற்காலிகள் எல்லாம் மேடையில் இருந்தன, கலைஞர்களாக. பார்க்க வந்தவர்கள் நின்றார்கள்.

"ஐயா, அவங்களுக்கு மட்டும் ஒரு நாற்காலி…" என்று தலைவரின் காதில் சொன்னேன்.

"கலைஞரை எப்படி மேடையிலிருந்து இறக்குவது?" என்றார். உண்மையாகவே புண்பட்டுவிட்டார்.

பாட்டு ஆரம்பித்தது. குனிந்தேன், கேட்டேன், எட்டு எண்ணினேன், ஆடினேன். மறைப்பானேன், நன்றாக ஆடினேன். அதுதான் வயிற்றெரிச்சல். வாஷர் போட்ட கால் சத்தமே இல்லாமல் சுழன்றது. தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் தட்டினார்கள். தட்டுவதற்காக என் மனைவி ஊன்றுகோல்களைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து நின்று தட்டினாள்.

விருது பெற்ற நாற்காலிக்கு அன்றே பணி ஓய்வு கொடுத்து, என்னிடமே ஒப்படைத்தார்கள். "இனி இதன்மேல் உட்காரலாம்" என்று சான்றிதழில் தலைவர் கையெழுத்திட்டிருந்தார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மதியம். நாற்காலி ஜன்னலோரம் கிடந்தது. அவள் ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதில் உட்கார்ந்தாள். நாற்காலி ஆடவில்லை.

"இதுதானா உங்க ஆளு?" என்றாள். "நல்லாத்தான் இருக்காங்க."

நான் பின்னால் போய் அதன் முதுகைப் பிடித்தேன். ஏழு கிலோவுக்குப் பழகிய கை. சாய்த்தேன், கால்வாசிச் சுற்று திருப்பினேன். அறுபத்தைந்து கிலோவில் மணிக்கட்டு நடுங்கியது.

"இறக்குங்க இறக்குங்க, விழுந்துடுவேன்."

இறக்கினேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. பதினான்கு மாதம் கற்றதெல்லாம் அவ்வளவுதான். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே நின்றேன். முகத்தைச் சட்டையின் தோளில் அழுத்தித் துடைத்தேன். அவளுக்குப் பின்னால் நின்றது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தினம் எண்பது பேரைப் பார்க்கிறவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

தோளுக்கு மேலே கையை நீட்டி, என் கையைத் தேடிப் பிடித்தாள். இழுத்து முன்னால் கொண்டுவந்து, முழங்கையின் மடிப்பில் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். நரம்பு கிடைத்ததும் விரல் நின்றது.

"சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்" என்றாள். "அந்தப் பக்கம் பாருங்க."

அந்தப் பக்கம் வெறும் சுவரும், அதில் சாய்ந்த இரண்டு ஊன்றுகோல்களும்தான் இருந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.